டிரம்ப் பல்கலைக்கழக வழக்கு: ரியல் எஸ்டேட் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் எதைச் சோதித்திருக்க முடியும்?

ரியல் எஸ்டேட் முதலீட்டைக் கற்றுத் தருவதாகச் சொல்லும் பயிற்சிகளை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்விக்கு, பொதுவான அறிவுரைகளைவிட, உள் ஆவணங்கள் வரை பொதுவெளிக்கு வந்துவிட்ட ஒரு வழக்கு அதிகம் கற்றுத் தருகிறது. அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரை இயங்கிய டிரம்ப் பல்கலைக்கழகத்தின் வழக்கு அத்தகையது. அதன் விற்பனைக் கையேடுகள், நிர்வாகியின் வாக்குமூலம், மாணவர்கள் நிரப்பிய மதிப்பீட்டுப் படிவங்கள் ஆகிய மூன்றும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. ஒரு பயிற்சி நிறுவனம் இவ்வளவு முழுமையாக உள்ளிருந்து பார்க்கக் கிடைப்பது அரிது. அதன் உரிமையாளர் பின்னாளில் அமெரிக்க அதிபரானதால் இவ்வழக்கு பெரும்பாலும் அரசியல் செய்தியாகவே பேசப்பட்டது. இந்த ஆய்வுக்கு அந்த அரசியல் தேவையில்லை. பணம் கட்டுவதற்கு முந்தைய நாள் அந்த மாணவர் எதையெல்லாம் கண்டறிந்திருக்க முடியும் என்பது மட்டுமே இங்கே கேட்கப்படுகிறது.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். வழக்குகள் 2016-இல் சமரசத்தில் முடிந்தன. நிறுவனத் தரப்பு தவறை ஒப்புக்கொள்ளவில்லை. எனவே மனுக்களில் குற்றச்சாட்டாக மட்டும் இருப்பவற்றைக் குற்றச்சாட்டு என்றே குறிப்பிடுகிறேன். ஆவணத்திலும் வாக்குமூலத்திலும் தீர்ப்பிலும் உள்ளவற்றை அவ்வாறே குறிப்பிடுகிறேன்.

விலைப்படிகள்

நிறுவனம் 2005 மே மாதம் இணையவழிப் பாடங்களுடன் தொடங்கியது. 2007 வாக்கில் ஹோட்டல் அரங்குகளில் நடத்தப்படும் நேரடிக் கருத்தரங்குகள் அதன் முதன்மைத் தொழிலாயின. அமெரிக்க வீட்டு விலைகள் 2006-இல் உச்சம் தொட்டுச் சரியத் தொடங்கி, கடன் கட்ட முடியாத வீடுகளை வங்கிகள் பறிமுதல் செய்துகொண்டிருந்த காலம் அது. அத்தகைய வீடுகளை மலிவாக வாங்கி லாபம் பார்க்கலாம் என்ற அழைப்பு, வேலையையும் சேமிப்பையும் பற்றி அஞ்சிக்கொண்டிருந்தவர்களின் காதில் விழுந்தது.

முதல் படி, ஒன்றரை மணி நேர இலவசக் கூட்டம். அங்கே 1,495 டாலருக்கு மூன்று நாள் பயிற்சி விற்கப்பட்டது. மூன்று நாள் பயிற்சிக்கு வந்தவர்களிடம், தனிப்பட்ட வழிகாட்டலுடன் கூடிய உயர்நிலைத் தொகுப்புகள் விற்கப்பட்டன. அவற்றின் விலை 9,995 டாலரில் தொடங்கி 34,995 டாலர் வரை சென்றது. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2013 ஆகஸ்டில் தொடுத்த வழக்கின்படி, நாடு முழுவதும் 5,000-க்கும் மேற்பட்டோர் இவ்வாறு பணம் செலுத்தியிருந்தனர்.

இந்த ஆய்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்த ஏணியைத்தான். 1,495 டாலர் கட்டியவர் ஒரு முழுமையான பாடத்தை வாங்கியதாக நினைத்தார். மனுவின் குற்றச்சாட்டோ, அந்த மூன்று நாட்களும் அடுத்த படியை விற்பதற்காகவே வடிவமைக்கப்பட்டிருந்தன என்பதாகும். ஒரு பயிற்சியின் தரத்தை அதன் பாடத்திட்டத்தின் தலைப்புகளைக் கொண்டு அளப்பவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள். தலைப்புகளை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அந்தப் பயிற்சி எவ்வாறு விற்கப்படுகிறது என்பதை மறைப்பதுதான் கடினம். ஆகவே முதல் கட்டணத்தைச் செலுத்தும் முன், அந்த நிறுவனம் விற்கும் எல்லாப் படிகளின் பெயரையும் விலையையும் எழுத்தில் கேட்க வேண்டும். முதல் படியை மட்டும் முடித்தவர் ஒரு சொத்தை மதிப்பிடவும், கடன் ஏற்பாடு செய்யவும், ஒப்பந்தத்தைப் படிக்கவும் தேறியிருப்பாரா என்றும் கேட்க வேண்டும். “அதை வகுப்பில் சொல்வோம்” என்று பதில் வந்தால், வாங்குபவர் தன் மொத்தச் செலவை அறியாமல் கையெழுத்திடப் போகிறார் என்று பொருள்.

இதே ஏணி வேறு வழக்குகளிலும் காணப்படுகிறது. இரவு நேரத் தொலைக்காட்சி விளம்பரங்கள் வழியாக 39.95 டாலருக்கு விற்கப்பட்ட ஜான் பெக் என்பவரின் ரியல் எஸ்டேட் பாடத்தொகுப்பை வாங்கியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, 14,995 டாலர் வரையிலான தனிப்பயிற்சி விற்கப்பட்டது. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தொடுத்த அந்த வழக்கில் நீதிமன்றம் 2012-இல் 47.8 கோடி டாலருக்குத் தீர்ப்பளித்தது. முதல் விலை சிறியதாக இருப்பது, முழுச் செலவு சிறியது என்பதற்கு எவ்விதத்திலும் சான்றாகாது.

கையேடு காட்டிய உள்புறம்

2016 மே மாத இறுதியில், கலிஃபோர்னியாவில் மாணவர்கள் தொடுத்திருந்த வழக்கை விசாரித்த கூட்டாட்சி நீதிபதி கொன்சாலோ க்யூரியல், நிறுவனத்தின் விற்பனைக் கையேடுகளை வெளியிட ஆணையிட்டார். நிலத்தின் மதிப்பைக் கணிப்பதற்கோ வாடகை வருமானத்தைக் கணக்கிடுவதற்கோ அவை எழுதப்பட்டவை அல்ல. அரங்கின் வெப்பநிலை, இருக்கைகளின் அமைப்பு, வருபவர்களை வரவேற்கும் விதம் என ஒரு விற்பனைச் சூழலின் ஒவ்வொரு கூறையும் விவரிப்பவை. பொருளையோ தீர்வையோ விற்காதீர்கள், உணர்வுகளை விற்பனை செய்யுங்கள் என்ற கருத்து அவற்றில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. மாணவர்கள் தங்கள் சொத்து, கடன் விவரங்களை எழுதித் தரும் படிவங்களைக் கொண்டு, உடனடியாகப் பணமாக்கக்கூடிய சொத்து யாரிடம் அதிகம் உள்ளது என்று வரிசைப்படுத்தும் முறையும் அவற்றில் இருந்தது.

ஒரு மாணவர் தன் வங்கியிருப்பை எழுதிக்கொடுக்கும்போது, தனக்கேற்ற முதலீட்டுத் திட்டம் தயாராகப் போகிறது என்று நம்புகிறார். அதே தாள் மறுபுறம் அவருக்கு எந்த விலையைச் சொல்லலாம் என்பதற்கான குறிப்பாகிவிடுகிறது. கையேடு வெளியாவதற்கு முன்பும் இதைத் தவிர்க்க ஒரு வழி இருந்தது: நிதி விவரங்களைத் தர மறுப்பது. ஒரு நேர்மையான ஆசிரியரால் எடுத்துக்காட்டு எண்களைக் கொண்டே எல்லாக் கணக்குகளையும் கற்பிக்க முடியும். பயிற்சி தொடங்கும் முன்பே மாணவரின் சேமிப்பு, ஓய்வூதியக் கணக்கு, கிரெடிட் கார்டு வரம்பு ஆகியவற்றைக் கேட்கும் நிறுவனத்தை அந்த ஒரு காரணத்துக்காகவே விலக்கிவைக்கலாம் என்பது என் கருத்து.

கற்பித்தவர் யார்?

டிரம்ப்பே நேரில் தேர்ந்தெடுத்த வல்லுநர்கள் கற்பிப்பார்கள் என்று விளம்பரங்கள் சொல்லின. நேரடி நிகழ்வுகளில் கற்பித்த ஆசிரியர்கள் எவரையும் டிரம்ப் தேர்ந்தெடுக்கவில்லை என்று நிறுவனத்தின் தலைவராக இருந்த மைக்கேல் செக்ஸ்டன் பின்னர் வாக்குமூலம் அளித்தார். ஆசிரியர்களில் சிலர் தங்கள் சொந்த ரியல் எஸ்டேட் முதலீடுகளில் நொடித்துத் திவாலாகி, அதன் பின் அங்கே சேர்ந்தவர்கள் என்பது நியூயார்க் மனுவின் குற்றச்சாட்டு.

புகழ்பெற்ற பெயர் ஒன்றை முன்னிறுத்தும் பயிற்சிகளில் இரண்டு பேரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: முகப்பில் இருப்பவர், கரும்பலகையின் முன் நிற்பவர். முன்னவரின் வெற்றி பின்னவரின் தகுதியாகாது. எனவே எந்தத் தேதியில் எந்த ஆசிரியர் கற்பிப்பார் என்று பெயருடன் கேட்டுப் பெற வேண்டும். பெயர் கிடைத்துவிட்டால் அடுத்த வேலை எளிது. அமெரிக்காவில் திவால் வழக்குகளின் பதிவுகளும், சொத்து கைமாறிய பதிவுகளும் பொதுமக்கள் பார்க்கக்கூடியவை. கடந்த சில ஆண்டுகளில் அவர் வாங்கி விற்ற மூன்று அல்லது நான்கு சொத்துகளின் முகவரியையும் தேதியையும் கேட்டு, அவற்றை அந்தந்த மாவட்டப் பதிவேட்டில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிற்பகல் போதும். பொதுப் பதிவேட்டில் இருக்கும் தகவலைச் சொல்லவே தயங்குபவர், வகுப்பறையில் எதைத் திறந்து காட்டப் போகிறார்?

இன்னொன்றையும் கேட்கலாம்: அவருடைய வருமானத்தில் எவ்வளவு பகுதி சொத்துகளிலிருந்து வருகிறது, எவ்வளவு பகுதி பயிற்சிக் கட்டணங்களிலிருந்து வருகிறது? கற்பித்துச் சம்பாதிப்பது தவறில்லை. ஆனால் தான் கற்பிக்கும் முதலீட்டு முறை அவ்வளவு லாபகரமானது என்று சொல்பவரின் வாழ்க்கை முழுக்கப் பயிற்சிக் கட்டணத்தில் நடக்கிறது என்றால், அந்த முறையின் பயனைப் பற்றி வாங்குபவர் அறிய வேண்டிய செய்தி அதில் இருக்கிறது.

98 சதவீதத் திருப்தி

நிறுவனத் தரப்பு தன் முதன்மையான தற்காப்பாக முன்வைத்தது, மாணவர்கள் நிரப்பிய மதிப்பீட்டுப் படிவங்களை. ஆயிரக்கணக்கான படிவங்களில் 98 சதவீதம் பேர் திருப்தி தெரிவித்திருந்தார்கள் என்பது அவர்களின் வாதம். கலிஃபோர்னியாவில் 2010-இல் முதல் வழக்கைத் தொடுத்த மாணவியே, ஏறத்தாழ 60,000 டாலர் செலவழித்துவிட்டதாகப் பின்னர் முறையிட்டவர், தொடக்கத்தில் பாராட்டி எழுதியிருந்தார். நிறுவனம் அதைச் சுட்டிக்காட்டி, அவர் மீது அவதூறு வழக்கும் போட்டது.

அந்த அவதூறு விவகாரத்தில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் அளித்த தீர்ப்பு, பயிற்சி வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டிய ஒரு கருத்தைச் சொல்கிறது. பெர்னார்ட் மேடாஃப் என்பவரின் பெரும் முதலீட்டு மோசடியை நினைவுகூர்ந்த நீதிமன்றம், ஏமாற்றப்பட்டவர்கள் தாங்கள் ஏமாற்றப்பட்டதை உணரும் கணம் வரை ஏமாற்றியவரைப் புகழ்ந்துகொண்டுதான் இருப்பார்கள் என்ற பொருள்படக் குறிப்பிட்டது. அந்த அவதூறு வழக்கு நிலைக்கவில்லை. மாணவியின் வழக்குச் செலவாக ஏறக்குறைய 8 லட்சம் டாலரை நிறுவனமே செலுத்த வேண்டுமென்று 2015-இல் ஆணையிடப்பட்டது.

மூன்றாம் நாள் மாலையில் நிரப்பப்படும் படிவம் எதை அளக்கிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பேச்சாளர் சுவையாகப் பேசினாரா, அரங்கு வசதியாக இருந்ததா, மனத்தில் ஊக்கம் பிறந்ததா என்பவற்றை அது அளக்கும். கற்ற முறை பயன்பட்டதா என்பதை அன்று யாராலும் சொல்ல இயலாது. முதல் சொத்தை வாங்கவே மாதங்கள் ஆகும், அதில் லாபமா நட்டமா என்று தெரிய இன்னும் அதிகக் காலம் ஆகும். மேலும் அந்தப் படிவங்கள் பெயருடன் நிரப்பப்பட்டவை. தனக்கு ஓராண்டு வழிகாட்டப் போகிறவரைப் பற்றிக் குறைவான மதிப்பெண் எழுத எத்தனை பேர் துணிவார்கள்?

ஆகவே திருப்தி விகிதத்தைக் காட்டும் நிறுவனத்திடம் வேறு எண்களைக் கேட்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு குறிப்பிட்ட மாதத்தில் சேர்ந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் குறைந்தது ஒரு சொத்தையாவது வாங்கினார்கள்? கட்டிய கட்டணத்தையாவது திரும்ப ஈட்டியவர்கள் எத்தனை பேர்? மேடையில் நிறுத்தப்படும் மூன்று வெற்றியாளர்களுக்குப் பின்னால் முப்பது பேர் சேர்ந்திருந்தார்களா, மூவாயிரம் பேரா என்பது தெரியாதவரை அந்த வெற்றிக்கு எடை போட முடியாது. இக்கணக்கை வைத்திருக்காத நிறுவனம், தன் முறை பயன்படுகிறதா என்பதைத் தானே சோதித்துப் பார்க்காத நிறுவனம்.

வெளியார் தரும் தரமதிப்பீடும் காலத்தைப் பொறுத்தது. வணிக நிறுவனங்களுக்குத் தரக்குறி அளிக்கும் அமெரிக்காவின் பெட்டர் பிசினஸ் பியூரோ என்ற அமைப்பு, நிறுவனம் இயங்கிக்கொண்டிருந்த 2010-இல் அதன் தரத்தை ‘டி மைனஸ்’ வரை இறக்கியது. இயக்கம் நின்று, புதிய புகார்கள் வராமல், மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய புகார்கள் கணக்கிலிருந்து நீங்கியதும், 2015 ஜனவரியில் அதே நிறுவனத்தின் தரம் ‘ஏ பிளஸ்’ ஆக உயர்ந்திருந்தது. தரக்குறியை மட்டும் பார்ப்பவர் இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையிலான கதையைத் தவறவிடுவார். புகார்களின் உள்ளடக்கத்தையும் தேதியையும் படிக்க வேண்டும்.

உள்வட்ட இரகசியம்

தனியார் கடன் வழங்குநர்களின் சிறப்புப் பட்டியல் கிடைக்கும் என்பது மாணவர்களுக்குத் தரப்பட்ட உறுதிமொழிகளில் ஒன்று. உண்மையில் தரப்பட்டது, அடமானக் கடன் தரகர்களுக்காக வெளிவரும் ‘ஸ்காட்ஸ்மன் கைட்’ என்ற இதழிலிருந்து எடுக்கப்பட்ட பட்டியல் என்று நியூயார்க் மனு கூறியது. கடையில் கிடைக்கும் இதழ் ஒன்றின் பக்கங்கள் இரகசியமாக விலைபோயின என்பது குற்றச்சாட்டின் சாரம்.

ரியல் எஸ்டேட் முதலீட்டின் அடிப்படைகளில் இரகசியம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. வாடகையிலிருந்து வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு, காலியாக இருக்கும் மாதங்கள், கடன் தவணை ஆகியவற்றைக் கழித்து எஞ்சுவதைக் காண்பது. அருகிலுள்ள ஒத்த சொத்துகளின் அண்மை விற்பனை விலைகளை ஒப்பிடுவது. உரிமைப் பத்திரத்தில் வில்லங்கம் உண்டா என்று பார்ப்பது — இவையெல்லாம் நூலகத்துப் புத்தகங்களிலும் குறைந்த கட்டணக் கல்லூரி வகுப்புகளிலும் உள்ளவை. பணம் கொடுத்து வாங்கத்தக்கது, தன் பகுதியின் சட்டத்தையும் சந்தையையும் அறிந்த ஒருவர் தன் குறிப்பிட்ட கணக்கைப் பார்த்துத் திருத்துவதுதான். பாடப் பட்டியலை முன்கூட்டியே பெற்று, ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே அது வேறெங்கே, என்ன விலையில் கிடைக்கும் என்று எழுதிப் பார்த்தால், கேட்கப்படும் கட்டணம் எதற்காக என்பது விளங்கிவிடும்.

உரிமம்

உரிமம் இல்லாமல் ‘பல்கலைக்கழகம்’ என்று பெயர் வைத்துக்கொள்வது மாநிலச் சட்டத்துக்கு முரணானது என்று நியூயார்க் கல்வித் துறை 2005-லேயே நிறுவனத்துக்கு எழுதியது. பெயர் 2010-இல்தான் மாற்றப்பட்டது. உரிமமின்றி நடத்தியதற்கு டிரம்ப் பொறுப்பானவர் என்று நியூயார்க் நீதிபதி சிந்தியா கெர்ன் 2014 அக்டோபரில் தீர்மானித்தார். இது, சேர நினைத்த எவரும் கல்வித் துறையைத் தொலைபேசியில் விசாரித்து அறிந்திருக்கக்கூடிய செய்தி.

பணம் எங்கிருந்து வந்தது?

கிரெடிட் கார்டுகளின் கடன் வரம்பை உயர்த்திக்கொள்ளும்படி மாணவர்களிடம் சொல்லப்பட்டது. சொத்து வாங்க அது உதவும் என்பது காரணமாகக் கூறப்பட்டது. பின்னர் அந்த வரம்பிலிருந்தே உயர்நிலைத் தொகுப்புக்குப் பணம் செலுத்தத் தூண்டப்பட்டார்கள் என்பது நியூயார்க் மனுவின் மிகக் கடுமையான குற்றச்சாட்டுகளுள் ஒன்று.

இதன் விளைவை எண்களில் பார்க்கலாம். 34,995 டாலரை ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் கார்டில் செலுத்தியவர், அசலில் ஒரு டாலரும் குறையாமல், வட்டிக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,300 டாலர், அதாவது மாதம் 525 டாலர் கட்ட வேண்டும். அதே தொகை ரொக்கமாக இருந்திருந்தால், 20 சதவீத முன்பணம் கேட்கும் கடனில், 1,75,000 டாலர் மதிப்புள்ள ஒரு வீட்டின் முன்பணம் ஏறத்தாழ முழுவதையும் அது ஈடுகட்டியிருக்கும். முதலீடு செய்யக் கற்றுக்கொள்ள வந்தவர், முதலீடு செய்வதற்கான பணத்தையும், அடுத்த வங்கி அவரை நம்புவதற்குத் தேவையான கடன் மதிப்பையும் கல்விக்கே செலவழித்துவிட்டு வெளியேறுகிறார். பயிற்சிக் கட்டணத்தைத் தனியாகப் பார்க்காமல், முதல் சொத்துக்கான மூலதனத்திலிருந்து கழிபடும் தொகையாகப் பார்ப்பது இதனால்தான் அவசியமாகிறது. கடன் வாங்கித்தான் சேர முடியும் என்றால் சேராமல் இருப்பதே சரி என்பதில் எனக்கு ஐயமில்லை.

திரும்பப் பெறும் வழி

வழக்குகள் 2016 நவம்பர் 18 அன்று 2.5 கோடி டாலருக்குச் சமரசமாயின. அதில் 2.1 கோடி கலிஃபோர்னியாவில் மாணவர்கள் பலரின் சார்பில் தொடுக்கப்பட்ட இரண்டு தொகுப்பு வழக்குகளுக்கும், மீதி நியூயார்க் வழக்குக்கும் ஒதுக்கப்பட்டது. நியூயார்க் பங்கில் உரிமச் சட்டத்தை மீறியதற்காக மாநிலத்துக்குச் செலுத்திய 10 லட்சம் டாலர் வரையிலான அபராதமும் அடங்கும். நீதிபதி க்யூரியல் 2017 மார்ச்சில் ஒப்புதல் அளித்தார். மேல்முறையீடு 2018 பிப்ரவரியில் தள்ளுபடியானது. மாணவர்கள் செலுத்தியதில் ஏறத்தாழ 90 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும் நிலை உருவானதற்கு ஒரு முக்கியக் காரணம், அவர்களின் வழக்கறிஞர்கள் தங்கள் கட்டணத்தை விட்டுக்கொடுத்ததாகும். முதல் வழக்குக்கும் பணம் கைக்கு வருவதற்கும் இடையே எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. பிற வழக்குகளில் பாதிக்கப்பட்டோருக்கு இத்தகைய முடிவு வாய்க்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

ஆகவே ஒப்பந்தத்தின் இரண்டு இடங்களைக் கையெழுத்துக்கு முன் படித்தாக வேண்டும். ஒன்று, வாய் திறக்கத் தடை விதிக்கும் பிரிவு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த சூரிக்ஸ் என்ற ரியல் எஸ்டேட் பயிற்சி நிறுவனத்தின் மீது ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019-இல் தொடுத்த வழக்கில், பணத்தைத் திரும்பக் கேட்டவர்கள் அரசு அமைப்புகளிடம் புகார் சொல்லக் கூடாது, எதிர்மறையாக எதையும் எழுதக் கூடாது என்ற நிபந்தனையில் கையெழுத்து வாங்கப்பட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. அத்தகைய பிரிவு இருக்கும் இடத்தில், நல்ல விமர்சனங்கள் மட்டுமே கண்ணில் படுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மற்றது, ரத்து செய்யும் காலம். அமெரிக்காவில் விற்பவரின் நிலையான அலுவலகத்துக்கு வெளியே, ஹோட்டல் அரங்கு போன்ற தற்காலிக இடத்தில் 130 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள விற்பனை நடந்தால், மூன்றாம் வேலை நாள் நள்ளிரவு வரை அதை ரத்து செய்யலாம் என்று ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி சொல்கிறது. பயிற்சி வகுப்புகள், எந்த நோக்கத்துக்காக எடுக்கப்பட்டாலும், அந்த விதியில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளன. சனிக்கிழமை ஞாயிற்றுக்கிழமையில் இந்த விதி செல்லும் விதமும் கவனிக்கத்தக்கது: ஞாயிறும் அரசு விடுமுறைகளும் வேலை நாள் கணக்கில் வராது, சனி வரும். விற்பவர் ரத்துப் படிவத்தின் இரண்டு பிரதிகளைத் தர வேண்டும். அது தரப்படவில்லை என்றாலும் கடிதமாகவே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கையெழுத்தும் தேதியும் இட்டு, மூன்றாம் நாள் நள்ளிரவுக்குள் அஞ்சல் முத்திரை விழுமாறு பதிவு அஞ்சலில் அனுப்பி, ரசீதையும் ஒரு பிரதியையும் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் ரத்து செய்துவிட்டதாகச் சொல்வது போதாது. அழைப்பை எடுத்தவர் அதைப் பதிவு செய்தாரா என்பதற்கு வாங்கியவரிடம் எந்தச் சான்றும் இருக்காது.